ஜவ்வரிசி ஆலையின் கழிவுநீரில் எரிவாயு: ஒரு நிகழ்வு ஆய்வு

பின்னணி

சேலம் மாவட்டத்தின் கிழக்குப் பகுதியில் இயங்கும் நடுத்தர அளவிலான ஒரு ஜவ்வரிசி ஆலையைப் பற்றியது இந்தப் பதிவு. மூன்றாம் தலைமுறையாக நடக்கும் குடும்பத் தொழில். பெரியவர் ஆலையைப் பார்த்துக்கொள்கிறார். மகன் கிழங்குக் கொள்முதலுக்கும் வியாபாரத்துக்கும் அலைகிறார். கணக்கு மருமகளின் கையில். ஆலையின் எரிசக்திச் செலவை ஆராய்ந்து சொல்லும் பொறுப்பில் 2019 முதல் நான் இதனுடன் தொடர்பில் இருக்கிறேன். எண்களைத் தோராயமாக்கித் தந்திருக்கிறேன், விகிதங்கள் மாறவில்லை.

மரவள்ளிக் கிழங்கைத் தோல் சீவி, கழுவி, அரைத்து, சல்லடையில் மாவுப் பாலைப் பிரித்து, தொட்டியில் மாவு படிந்ததும் மேலே நிற்கும் நீரை வடித்துவிடுவார்கள். ஈரமாவைக் குருணையாக்கி, உருட்டி, சூடான தட்டில் வறுத்து, வெயிலில் காயவைத்தால் ஜவ்வரிசி. வடித்த அந்த நீர்தான் சிக்கல். ஆலை முழு வேகத்தில் ஓடும்போது நாளொன்றுக்கு 50 டன் கிழங்கு அரைபடும்; 2.5 லட்சம் லிட்டர் கழிவுநீர் வெளியேறும். பார்க்கத் தெளிவாக இருந்தாலும் இரண்டு நாள் தேங்கினால் புளித்து நாறும். அப்படியே பாய்ந்த வயலில் பயிர் நிற்காது.

2019-ல் கழிவுநீர்ச் சுத்திகரிப்பு அமைக்கச் சொல்லி மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்திலிருந்து அறிவிப்பு வந்தது. பாசனத்துக்கு விட வேண்டுமானால் பி.ஓ.டி. (நீரிலுள்ள கழிவை நுண்ணுயிர்கள் சிதைக்கத் தேவைப்படும் ஆக்ஸிஜன்) அளவு லிட்டருக்கு 100 மில்லிகிராமுக்குள் இருக்க வேண்டும். ஆலையின் நீரில் அது 3,500. ஆலை சுத்திகரிப்பில் இறங்கியதற்கு அந்த அறிவிப்புதான் காரணம். எரிபொருள் தயாரிக்கும் எண்ணம் அப்போது யாருக்கும் இல்லை. பின்னால் வரும் கணக்கெல்லாம் இந்த ஒரு தகவலைச் சார்ந்து நிற்பதால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

முதல் பருவத்தில் கண்டவை

கழிவுநீரின் சி.ஓ.டி. (கழிவை வேதிமுறையில் சிதைக்கத் தேவைப்படும் ஆக்ஸிஜன்) லிட்டருக்குச் சராசரியாக 5.5 கிராம் இருந்தது. 2.5 லட்சம் லிட்டரில் ஏறக்குறைய 1,375 கிலோ. காற்றுப் புகாத குளத்தில் நுண்ணுயிர்கள் இதில் 80 சதவீதத்தைச் செரித்தால், கிலோவுக்கு 0.3 கன மீட்டர் மீத்தேன் வீதம் 330 கன மீட்டர் கிடைக்கும். 60 சதவீதம் மீத்தேன் கொண்ட உயிரி எரிவாயுவாகச் சொன்னால் நாளுக்கு 550 கன மீட்டர்.

ஆலை மின்சாரத்தையும் விறகையும் பெருமளவில் செலவழித்துக்கொண்டிருந்தது. உயர் அழுத்த இணைப்புக்கு அப்போது யூனிட் 6 ரூபாய் 35 காசு, உச்ச நேரத்தில் அதற்கு மேல். வறுக்கும் தட்டுகளைச் சூடாக்கும் அடுப்புக்கு நாளுக்கு இரண்டு டன் விறகு போனது. டன் 4,000 ரூபாய். விறகுக் கணக்கு எங்கே என்று கேட்டபோது மருமகள் ஒரு நீளப் பேரேட்டைக் கொண்டுவந்தார். லாரி எண், எடைமேடைச் சீட்டு, ஈரவிறகா காய்ந்ததா என்பது வரை ஐந்து பருவங்களுக்கு எழுதி வைத்திருந்தார். மின்வாரிய பில்லைவிட அது எனக்கு அதிகம் பயன்பட்டது.

கிழங்கை அரைத்துப் பால் பிழிந்தபின் மிஞ்சும் திப்பியையும் பார்த்தேன். சிமெண்டுக் களத்தில் முழங்கால் உயரத்துக்குக் குவிந்து, ஈரம் வடிந்துகொண்டிருந்தது. இதிலிருந்தும் எரிவாயு எடுக்கலாமே என்று ஒரு கருவி விற்பனையாளர் திட்ட அறிக்கையில் எழுதியிருந்தார். திப்பியின் விலை அறிக்கையில் சுழியம். களத்திலோ மாட்டுத் தீவன வியாபாரியின் ஆட்கள் காய்ந்த திப்பியை மூட்டை பிடித்துக்கொண்டிருந்தார்கள். காசு கொடுத்து வாங்க ஆள் இருக்கும் பொருளைக் கழிவு என்று எழுதினால் எந்தத் திட்டமும் லாபமாகத்தான் தெரியும். திப்பியைக் கணக்கிலிருந்து எடுத்துவிட்டோம்.

எந்த வழி?

எரிவாயுவை என்ன செய்வது என்பதில் மூன்று யோசனைகள் வந்தன.

விற்பனையாளர் சொன்னது இன்ஜின். ஒரு கன மீட்டருக்கு 1.6 யூனிட் மின்சாரம் எடுக்கலாம். உச்ச நேரத்தில் ஓட்டி, வரியையும் சேர்த்து, பராமரிப்பைக் கழித்தால் ஒரு யூனிட்டுக்கு 6 ரூபாய் 20 காசு மிஞ்சும்; கன மீட்டருக்கு ஏறக்குறைய 10 ரூபாய். இன்ஜின், கட்டுப்பாட்டுப் பலகை எல்லாம் சேர்த்துச் செலவு 24 லட்சம்.

அடுத்தது அடுப்பு. எரிவாயுவை நேரடியாக பர்னரில் எரித்தால் ஒரு கன மீட்டர் அந்த ஆலையின் அடுப்பில் இரண்டு கிலோ விறகுக்கு ஈடு. அதாவது 8 ரூபாய். பர்னரும் குழாயும் 4 லட்சத்தில் முடியும்.

மூன்றாவது, சுத்திகரித்து, அழுத்தி, வாகன எரிபொருளாக விற்பது. அழுத்திய உயிரி எரிவாயுவுக்காக மத்திய அரசு 2018 அக்டோபரில் தொடங்கிய ‘சதத்’ (SATAT) திட்டத்தில் எண்ணெய் நிறுவனங்கள் கிலோவுக்கு 46 ரூபாய்க்கு எடுத்துக்கொள்வதாக அறிவித்திருந்தன. கன மீட்டருக்குக் கணக்கிட்டால் இதுதான் அதிக வரவு. ஆனால் நாளுக்கு 220 கிலோவுக்கு யாரும் அந்தக் கருவிகளைப் போட மாட்டார்கள். அதுவும் ஆறு மாதம் மூடிக் கிடக்கும் ஆலையில். அப்போதைக்குத் தள்ளிவைத்தோம்.

ஆக, போட்டி இன்ஜினுக்கும் அடுப்புக்கும். வருடம் 180 நாள் ஓட்டம் என்றால் ஏறக்குறைய ஒரு லட்சம் கன மீட்டர். இன்ஜினில் கிடைக்கும் கூடுதல் வருடத்துக்கு 2 லட்சம். அதற்குக் கூடுதல் முதலீடு 20 லட்சம். வட்டியைக்கூட அது கட்டாது.

பெரியவருக்கு இன்ஜின்மீதுதான் ஆசை. மின்தடையில் ஜெனரேட்டருக்கு டீசல் ஊற்றிய அனுபவம் அவருக்கு. “கரண்ட் பில் வராமல் போனால் நிம்மதிதானே?” என்று கேட்டார். “பில் வரும் மாமா. ஒருநாள் இன்ஜின் நின்று மோட்டாரெல்லாம் வாரிய மின்சாரத்தில் ஓடினால், அந்த மாத டிமாண்ட் கட்டணம் முழுசாக ஏறிவிடும்” என்றார் மருமகள். நான் விளக்க வேண்டிய விஷயத்தை அவரே சொல்லிவிட்டார். உயர் அழுத்த இணைப்பில், யூனிட்டுக்கான கட்டணத்தோடு, மாதத்தில் பதிவாகும் உச்சத் தேவைக்கும், அதாவது ஒரே நேரத்தில் இழுக்கும் அதிகபட்ச மின்சாரத்துக்கும், தனியாகக் கட்ட வேண்டும். ஆலை மூடியிருக்கும் மாதங்களிலும் அனுமதிக்கப்பட்ட தேவையில் 90 சதவீதத்துக்குக் கட்டணம் உண்டு. ஒற்றை இன்ஜினை நம்பி அதைக் குறைக்க முடியாது.

முடிவும் அதன் கணக்கும்

அடுப்பு என்று முடிவானது. ஆனால் முழுத் திட்டமும் தேறுமா என்ற கேள்வி மிச்சம் இருந்தது. மூடிய குளம், விரிப்பு, வாயுச் சுத்திகரிப்பு, வாயுவைச் சேர்த்துவைக்கும் பலூன், பர்னர், கடைசிக் கட்டக் காற்றூட்டல் எல்லாம் சேர்த்து 60 லட்சம். எரிவாயுவின் மதிப்பு வருடத்துக்கு 8 லட்சம். வங்கி மேலாளர் இதை ஏழரை வருடத்தில் திரும்பும் முதலீடாகப் பார்த்தார், தயங்கினார். அவர் பார்த்த கணக்கில் பிழையில்லை, ஆனால் அது பாதிக் கணக்கு.

இந்த ஆலை எப்படியும் சுத்திகரிப்பு அமைத்தாக வேண்டும். எரிவாயு வேண்டாம் என்றால், நீர் முழுவதற்கும் காற்றூட்டி ஏரேஷன் முறையில் சுத்தம் செய்ய வேண்டும். அதற்கு 45 லட்சம். ஒரு கிலோ பி.ஓ.டி.யை அகற்ற ஏறக்குறைய ஒரு யூனிட் மின்சாரம் என்று வைத்தால், நாளுக்கு 850 யூனிட்டுக்கு மேல் அந்தக் காற்றுக்கே போகும். மூடிய குளத்தில் பெரும்பகுதி செரித்துவிட்டால் மிச்சத்துக்கு 200 யூனிட் போதும். மிச்சமாகும் 650 யூனிட்டின் மதிப்பு, வரி முதலியவை சேர்த்து ஏழு ரூபாய் வீதம், நாளுக்கு 4,500 ரூபாய்.

எரிவாயுவின் மதிப்பு நாளுக்கு 4,400 ரூபாய். அதாவது வெளிவரும் எரிவாயுவுக்குச் சமமான தொகை, செலவழியாத மின்சாரத்தில் இருக்கிறது. அது எந்த மீட்டரிலும் பதிவாகாது. திட்ட அறிக்கைகளில் பெரும்பாலும் விடுபட்டுப்போவதும் இதுதான். கணக்கை இப்படி எழுதினால் கேள்வி மாறுகிறது: 45 லட்சத்துக்கு மேல் போடும் 15 லட்சம் என்ன தருகிறது? வருடம் 16 லட்சம், இயக்கச் செலவு போக 13 லட்சத்துக்குக் குறையாது. மேலாளர் இதை ஒரு தாளில் எழுதித் தரச் சொல்லி வாங்கிக்கொண்டார். கடன் 42 லட்சம், 11 சதவீத வட்டி, ஐந்து வருடம்.

மானியத்தைக் கணக்கில் சேர்க்கவில்லை. வந்தால் வரட்டும், வராவிட்டாலும் திட்டம் நிற்க வேண்டும் என்பது பெரியவரின் நிபந்தனை. அது சரியான நிபந்தனை.

கட்டுமானமும் தொடக்கமும்

ஊரடங்கால் வேலை இழுத்து, 2021 செப்டம்பரில் குளம் தயாரானது. 3,000 கன மீட்டர் கொள்ளளவு. அடியிலும் மேலும் எச்.டி.பி.இ. என்ற கெட்டி பிளாஸ்டிக் விரிப்பு. நவம்பரில் டேங்கர் டேங்கராகச் சாணக் கரைசலை ஊற்றி நுண்ணுயிர்களை வளர்க்கத் தொடங்கினார்கள். கழிவுநீரின் காரகாடித்தன்மை (pH) 4.5-க்கும் கீழே; மீத்தேன் உண்டாக்கும் நுண்ணுயிர்களுக்கு 7-ஐ ஒட்டி வேண்டும். எனவே சுண்ணாம்பு கரைத்து, நாளுக்கு 20,000 லிட்டரில் தொடங்கி, வாரா வாரம் கூட்டினார்கள். ஜனவரி இரண்டாம் வாரத்தில்தான் பர்னரில் நீலச் சுடர் நின்றது.

அந்தப் பருவம் கிழங்கே சரியாக வரவில்லை. 2020-ல் கேரளத்தில் கண்டறியப்பட்ட மரவள்ளி மாவுப்பூச்சி அதற்குள் சேலம், நாமக்கல் தோட்டங்களில் பரவியிருந்தது. நுனி சுருண்டு, இலை கொட்டி நின்ற தோட்டங்களைச் சாலையிலிருந்தே பார்க்கலாம். அனாகைரஸ் லோபெசி என்ற ஒட்டுண்ணிக் குளவியை வளர்த்து விட்டுத்தான் பின்னர் பூச்சியைக் கட்டுப்படுத்தினார்கள். ஆலை 118 நாள்தான் ஓடியது. எரிவாயு 22,000 கன மீட்டர். தவணைக்கு ஆலையின் மற்ற வரவிலிருந்து எடுத்துக் கட்டினார்கள்.

எரிவாயுத் திட்டத்தின் மூலப்பொருள் கழிவுநீர் என்று எழுதுகிறோம். உண்மையில் அது கிழங்கு. விலை ஏறினால் ஆலை அரைவையைக் குறைக்கும். விலை விழுந்தால் விவசாயி அறுவடையைத் தள்ளிப்போடுவார் அல்லது அடுத்த வருடம் வேறு பயிருக்குப் போவார். குளத்துக்கு வருவது இதில் மிஞ்சுவதுதான்.

குளத்தின் இரண்டாம் பருவம்

கோடையில் தீனி இல்லாமல் கிடந்த குளம் மீண்டும் உயிர்பெறுமா என்பது பெரியவரின் கவலை. 2022 அக்டோபரில் கழிவுநீர் விட்ட இரண்டே வாரத்தில் விரிப்பு எழும்பியது. அடியில் படிந்த கசடில் நுண்ணுயிர்கள் மாதக்கணக்கில் தாங்கும். பழைய கசடை வாரிக் கொட்டாமல் வைத்திருந்தது நல்லதாயிற்று.

வடகிழக்குப் பருவமழையில் விரிப்பின்மேல் நீர் தேங்கி, எரிவாயு ஒரு மூலைக்கு ஒதுங்கிவிடும். சிறு மோட்டாரை வைத்து அந்த நீரை இறைப்பது காவலாளியின் அன்றாட வேலையாயிற்று. ஹைட்ரஜன் சல்பைடால் பர்னரின் பித்தளைப் பாகங்கள் கருத்து அரித்தன. லேத் பட்டறைகளில் கிடைக்கும் இரும்புத் துருவலை நிரப்பிய உருளைகளின் வழியே வாயுவை விட்டபின் அது அடங்கியது. மாதம் ஒருமுறை துருவலை வெளியே கொட்டி, காற்றாட விட்டு, மீண்டும் நிரப்புவார்கள். கழிவுநீர்த் தொட்டிக்குள் எந்தக் காரணத்துக்காகவும் ஆள் இறங்கக் கூடாது என்ற விதி தொடக்கத்திலிருந்தே உண்டு, அது மீறப்படவில்லை.

2023 ஜனவரியில் ஒரு நிகழ்வு. நாளுக்கு 450 கன மீட்டர் வந்துகொண்டிருந்த எரிவாயு நான்கே நாளில் 200-க்கும் கீழே போனது. வந்ததும் எரியவில்லை, சுடர் துள்ளி அணைந்தது. குளத்தின் காரகாடித்தன்மை 6.3. வெப்பநிலை, அளவு, கிழங்கின் தரம் எல்லாவற்றையும் சோதித்தும் காரணம் புலப்படவில்லை. மருமகளின் சரக்குப் பதிவேட்டில் அது கிடந்தது: ஆலைக்கு வழக்கமில்லாத ஒரு கேன் இரசாயனம். மகாராஷ்டிரத்துக்கு அனுப்பும் ஒரு வியாபாரி இன்னும் வெண்மையான சரக்குக் கேட்டிருக்கிறார். மேற்பார்வையாளர் மாவைக் கழுவும்போது வெளுப்பு இரசாயனம் கலந்திருக்கிறார். உணவுப் பாதுகாப்பு விதிகளின்படியே அது கூடாது. மாவை வெளுத்த அதே இரசாயனம் குளத்துக்கு வந்து நுண்ணுயிர்களைக் கொன்றது.

நீர் விடுவதைப் பத்து நாள் பாதியாகக் குறைத்து, சுண்ணாம்பு போட்டுத் தேற்றினார்கள். பழைய நிலைக்கு மூன்று வாரம் பிடித்தது. அந்த நாட்களில் கூடுதலாக எரித்த விறகு 80,000 ரூபாய். வெண்மையான சரக்கில் மூட்டைக்கு மூட்டை கிடைத்த கூடுதல் விலை மொத்தமும் 30,000 ரூபாய்கூட இல்லை. அதன்பின் இரசாயன கேன் ஆலை வாசலைத் தாண்டவில்லை. எத்தனையோ அறிவுரைகளால் ஆகாத காரியம் இது என்பது என் எண்ணம்.

வரவு செலவு

2022–23 பருவத்தில் ஆலை 152 நாள் ஓடியது. அரைவை சராசரியாக 40 டன். எரிவாயு 65,000 கன மீட்டர், நாளுக்கு ஏறக்குறைய 430. எடைமேடைச் சீட்டுகளின்படி மிச்சமான விறகு 118 டன். கணக்குப்படி 130 வந்திருக்க வேண்டும். தட்டு ஓடாத நேரத்தில் வாயுவை வீணே எரித்துவிட்டதில் அந்தப் பன்னிரண்டு டன் போயிற்று. டன் 4,700 வீதம் மிச்சம் 5.5 லட்சம். காற்றூட்டலில் மிச்சம் 5.8 லட்சம். ஆள் கூலி, சுண்ணாம்பு, துருவல், பழுது என்று செலவு 2.6 லட்சம். நிகரம் 8.7 லட்சம்.

வருடத் தவணையோ ஏறக்குறைய 11 லட்சம். பாஸ்புக்கைப் பார்த்தால் திட்டம் நஷ்டம். ஏரேஷன் மட்டும் போட்டிருந்தால் தவணை 8 லட்சத்தைத் தாண்டியிருக்கும், 5.8 லட்சத்துக்கு மின்சாரமும், முன்போலவே முழு விறகும் வாங்கியிருக்க வேண்டும். கூடுதலாகப் போட்ட 15 லட்சம் இந்த ஓட்டத்தில் இரண்டு வருடத்துக்குள் திரும்பும். இரண்டு கூற்றும் உண்மை. மகன் முதல் கணக்கைப் பார்த்து முகம் சுளித்தார். மருமகள் இரண்டாவதைப் பேரேட்டில் தனித் தலைப்பில் எழுதத் தொடங்கினார்.

2022 செப்டம்பரில் மின்கட்டணம் உயர்ந்தபோது, இன்ஜின் போட்டிருக்கலாமோ என்ற பேச்சு மீண்டும் வந்தது. யூனிட் கட்டணம் 6.35-லிருந்து 6.75 ஆனது, டிமாண்ட் கட்டணம் கே.வி.ஏ.வுக்கு (உச்சத் தேவையை அளக்கும் அலகு) 350-லிருந்து 550 ஆனது. உயர்வின் கனம் இன்ஜினால் தொட முடியாத பகுதியில் விழுந்திருக்கிறது. மாறாக, பெரிய ஏரேஷன் மோட்டார்களைத் தவிர்த்ததால் அனுமதிக்கப்பட்ட தேவையைக் கூட்ட வேண்டியிருக்கவில்லை. அந்த ஆதாயம் இப்போது கூடியிருக்கிறது.

வெளியிலிருந்து ஓர் அழைப்பு

2023-ன் நடுவில் ஒரு முதலீட்டாளர் வந்தார். சுற்றுவட்டார ஆலைகளின் கழிவுநீரை டேங்கரில் திரட்டி, நாமக்கல் கோழிப் பண்ணைகளின் எருவையும் சேர்த்து, நாளுக்கு இரண்டு டன் வாகன எரிவாயு தயாரிக்கும் திட்டம். எண்ணெய் நிறுவனங்கள் தரும் விலையும் 2022-ல் கிலோவுக்கு 54 ரூபாயாகியிருந்தது. ஆலையின் நிலத்தையும் குளத்தையும் பங்காகக் கேட்டார்.

10,000 லிட்டர் டேங்கரில் இருப்பது 55 கிலோ சி.ஓ.டி. அதிலிருந்து 22 கன மீட்டர் எரிவாயு. சுத்திகரித்தால் ஒன்பது கிலோ. 54 ரூபாய் வீதம் 486 ரூபாய். டேங்கர் ஒரு நடைக்கு அப்போது கேட்டது 1,500. இந்தக் கழிவுநீரில் இருப்பது ஏறக்குறைய முழுதும் நீர்தான். உண்டாகும் இடத்திலேயே செரிக்கும்வரைதான் அதற்கு மதிப்பு.

கோழி எரு வேறு விஷயம். அதில் எரிவாயு அதிகம். கூடவே அமோனியாவும், தீவனத்தில் போடும் சுண்ணாம்புக் கல்லின் துகளும் அதிகம். துகள் தொட்டியின் அடியில் இறுகும். விவசாயிகள் கோழி எருவை ஏற்கெனவே விலை கொடுத்து வாங்குகிறார்கள். நிதமும் லாரி லாரியாகக் கேட்கும் ஒருவர் வந்தால் அந்த விலை அங்கேயே நிற்காது; திட்ட அறிக்கையோ பத்து வருடத்துக்கு ஒரே விலையைப் போட்டிருந்தது. பெரிய முதலீடும், எருவுக்கு நீண்டகால ஒப்பந்தமும், மிஞ்சும் கரைசலை உரமாக விற்க ஆளும் இருந்தால் அந்தத் தொழில் நடக்கலாம். ஜவ்வரிசி ஆலையின் முதுகில் ஏறி நடக்காது. குடும்பம் மறுத்துவிட்டது.

மாற்றிச் செய்ய வேண்டியவை

குளத்தை ஒன்றாக வெட்டியதற்குப் பதில் இரண்டாக வெட்டியிருக்க வேண்டும். ஜனவரி நிகழ்வில் ஒன்று கெட்டாலும் மற்றொன்று அடுப்பை எரித்திருக்கும். நல்ல கசடை அதிலிருந்து எடுத்துத் தேற்றியிருக்கலாம். கூடுதல் செலவு 5 லட்சத்துக்குள் என்று பின்னர் ஒப்பந்ததாரரே சொன்னார்.

180 நாள் என்பது நல்ல பருவத்தின் ஓட்டம். ஐந்து பருவங்களின் பேரேடு கையில் இருக்கும்போது, அதில் மோசமான பருவத்தை வைத்தும் ஒரு கணக்குப் போட்டுப் பார்த்துத்தான் கடன் அளவைத் தீர்மானிக்க வேண்டும். 120 நாள் ஓட்டத்திலும் கூடுதல் முதலீடு மூன்று வருடத்துக்குள் திரும்பும். ஆனால் 42 லட்சம் கடன் வாங்கும் துணிவு வந்திருக்காது.

தவணை மாதாமாதம் என்பது இந்தத் தொழிலுக்குப் பொருந்தவில்லை. வரவு ஜனவரியிலிருந்து மே வரைதான் குவிகிறது. 2023–24-ல் கிழங்கு விலை ஏறி ஓட்டம் 140 நாளாகச் சுருங்கியபோது, மீதித் தவணைகளைப் பருவத்தை ஒட்டி மாற்றித் தரும்படி வங்கியிடம் எழுதிக் கேட்டார்கள். எரிவாயு மீட்டர் பதிவும் விறகுப் பேரேடும் இணைப்பாகப் போயின. வங்கி ஏற்றுக்கொண்டது, இப்போது வருடத்தில் ஐந்து தவணைகள். இரண்டாவது குளத்துக்கான இடத்தை அளந்து வைத்திருக்கிறார்கள். கடன் முடிந்தபின் வெட்டுவதாகப் பெரியவர் சொல்கிறார். அதற்குள் வெட்டிவிட வேண்டும் என்கிறார் மருமகள்.